சந்தையில் வாங்கிய அரை மஞ்சள் கான்ஃபி பானை: உண்மையிலேயே பழையதா? இதில் ஊறுகாய் போடலாமா?

மீனா_துலூஸ்:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு தெற்கு பிரான்ஸில் காஸ்தெல்நோதாரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீத் கிரெனியே நடந்தது. ஊர்க்காரர்கள் பரணில் கிடக்கிற பழைய சாமான்களைத் தெருவில் பரப்பி விற்பார்களே, அதுதான். ஒரு பாட்டியின் கடையில் மண்பானை ஒன்று இருந்தது. 28 செ.மீ. உயரம், மேல் பாதி கடுகு மஞ்சளில் பளபளப்பு, கீழ்ப்பாதியில் ஒன்றும் பூசாமல் வெறும் செங்கல் நிற மண், விளிம்புக்குக் கீழே இரண்டு காது. உள்பக்கம் முழுக்க மஞ்சள். ஒரு பக்கத்தில் பச்சைச் சொட்டு ஒன்று வழிந்து பாதியில் நின்றிருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆசை வந்தது. 60 யூரோ சொன்னார், 45க்குக் கொடுத்தார். தன் பாட்டியின் நிலவறையில் இருந்தது, வாத்துக்கறியைக் கொழுப்பில் வேகவைத்து அந்தக் கொழுப்பிலேயே மூடி வைப்பார்கள், அதற்குத்தான் கான்ஃபி என்று பெயர் என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். வெயில் பட்டதும் கீழ்ப்பாதியில் எண்ணெய் கசிந்ததுபோல கருப்புத் திட்டுகள் தெரிகின்றன, லேசாகச் சிக்கு வாடையும் வருகிறது. நான் கேட்க நினைப்பது: இது நிஜமாகவே பழையதா, அலங்காரத்துக்கென்று புதிதாகச் செய்ததா? ஏன் பாதிக்கு மட்டும் மெருகு? இந்த எண்ணெய்க் கறையை எப்படி எடுப்பது? அப்புறம், ஆவக்காய் போட்டு வைக்க அளவு கச்சிதமாக இருக்கிறது, போடலாமா?

மண்கை:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆவக்காய் வேண்டாம் அக்கா. எலுமிச்சை, புளி, தயிர், தக்காளி எதுவும் இதற்குள் போகக் கூடாது. அந்த மஞ்சள் பளபளப்பு ஈய மெருகு. காரணத்தை வேதியியல் தெரிந்தவர்கள் யாராவது விரிவாகச் சொல்வார்கள், அதுவரை பானை காலியாகவே இருக்கட்டும்.

நான் வில்லியனூர்ப் பக்கம் குயவர் வீட்டுப் பையன். பிறகு பிரான்ஸில் பியுய்ஸே பகுதியில் மண் வேலை கற்றேன், அதனால் இந்த வகைப் பானைகளைக் கையில் எடுத்துப் பார்த்த பழக்கம் உண்டு. படத்தை வைத்து வயது சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தென்மேற்கு பிரான்ஸில் 19ஆம் நூற்றாண்டு முழுக்கவும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதே வடிவத்தைச் செய்துகொண்டே இருந்தார்கள், பெரும்பாலும் முத்திரை கிடையாது. நீங்களே பார்க்க வேண்டியது என்னவென்றால், முதலில் பானையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சக்கரத்திலிருந்து கம்பியால் அறுத்தெடுத்த வளைகோடுகள் இருக்க வேண்டும், ஆனால் ஓரம் மட்டும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்க வேண்டும். நிலவறையின் கல் தரையில் இழுத்து இழுத்து வைத்த பானையின் அடி அப்படித்தான் தேயும். அடி முழுக்க ஒரே சீராக உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து விரலை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுங்கள், குயவரின் விரல் ஏறிய வரிகள் கீழிருந்து மேலே சுழன்று போவது கைக்குத் தெரியும். அச்சில் வார்த்த பானையில் அது இருக்காது. பிறகு காது. காது ஒட்டிய இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி இழுத்த பள்ளம் இருக்கும், இரண்டு காதும் ஒரே மாதிரி இருக்காது. கையால் செய்தால் அப்படித்தான் வரும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும்.

விளிம்பு தடித்து வெளியே மடிந்திருக்கிறதா? அது அழகுக்காக இல்லை. மேலே துணியோ கெட்டித் தாளோ போட்டு நூல் கட்டினால் நழுவாமல் நிற்பதற்கு. அந்த மடிப்புக்குக் கீழே மெருகு மங்கிப்போய் இருந்தால் அங்கே பல வருடம் நூல் உரசியிருக்கிறது என்று அர்த்தம். போலி செய்பவர்கள் பெரும்பாலும் அழுக்கைப் பானை முழுக்கச் சமமாகப் பூசிவிடுவார்கள். உண்மையான தேய்மானம் கை படுகிற இடத்திலும் தரை படுகிற இடத்திலும் மட்டும்தான் வரும்.

உங்கள் பச்சைச் சொட்டு, பக்கத்திலோ மேலோ இருந்த பச்சைப் பானையிலிருந்து சூளையில் விழுந்ததாக இருக்கலாம். செப்புத்தூள் கலந்த மெருகு பச்சையாகும், கொஞ்சம் இரும்புக் கலப்பு மஞ்சளாகும். மஞ்சளும் பச்சையும் இவ்வளவு பளிச்சென்று வர வேண்டுமானால் சிவப்பு மண்ணின் மேல் முதலில் வெள்ளைக் களிமண் கரைசலில் முக்கியிருக்க வேண்டும். செதில் உதிர்ந்த இடத்தை உருப்பெருக்கியில் பாருங்கள், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அதுதான். எனக்கு இந்தப் பானைகளில் மிகப் பிடித்த இடமே அந்த உடைந்த ஓரம்.

பழையசந்தை:

மீனா, நல்ல விலைதான். பாரிஸ் கடைகளில் இதைவிட நிறையவே கேட்பார்கள். பாதி மெருகுக்குக் காரணம் எளிது. கீழ்ப்பாதியை நிலவறையில் மண்ணிலோ மணலிலோ புதைத்து வைப்பார்கள், குளிர்ச்சியாக இருக்கும். வெளியே தெரிகிற பகுதிக்கு மட்டும் மெருகு. எண்ணெய்க் கறைக்குச் சோடா உப்புப் போட்டு வெந்நீரில் கொதிக்கவிடுங்கள், இல்லாவிட்டால் பிளீச்சில் இரண்டு நாள் ஊறப் போடுங்கள், போய்விடும்.

மண்கை:

பழையசந்தை அண்ணா, புதைத்து வைத்த வழக்கத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அது பாதிக் கதைதான் என்பது என் எண்ணம். குயவன் பக்கத்திலிருந்து பாருங்கள். மெருகுக்கான ஈயத் தாது காசு கொடுத்து வாங்குகிற பொருள், மண்ணோ ஊரிலேயே தோண்டுவது. உள்ளே முழுக்கப் பூசாவிட்டால் கொழுப்பு ஒழுகிவிடும், அதனால் அங்கே பூசித்தான் ஆக வேண்டும். வெளியே மேல் பாதி துடைக்க வசதி. கீழேயும் பூசினால் என்ன ஆகும்? சூளையில் மெருகு உருகி வழிந்து பானை தரையோடோ அடியில் இருக்கிற பானையோடோ ஒட்டிக்கொள்ளும். அடியைக் கையில் பிடித்துத் தலைகீழாக மெருகுத் தொட்டியில் முக்கி எடுத்தால் பாதியில் ஒரு கோடு தானாகவே விழும். மீனா அக்கா, உங்கள் பானையில் அந்தக் கோடு நேராக இருக்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? சாய்ந்திருந்தால் குயவர் பானையை எந்தச் சாய்வில் பிடித்து முக்கினார் என்பதுவரை தெரிந்துவிடும்.

பிளீச் மட்டும் தயவுசெய்து வேண்டாம். இதை அனுபவித்துவிட்டுச் சொல்கிறேன். கற்றுக்கொண்டிருந்த காலத்தில் பச்சை மெருகுத் தண்ணீர்க் கூஜா ஒன்றைப் பிளீச்சில் ஊறப் போட்டேன். வெள்ளையாகத்தான் வந்தது. பிறகு காயக் காய மண்ணுக்குள் போன உப்பு படிகமாகி உள்ளிருந்து தள்ள ஆரம்பித்து, ஒரு மாதத்தில் மெருகு செதில் செதிலாக உதிர்ந்தது. காலையில் அலமாரித் தட்டில் பச்சைத் துணுக்குகள் கிடக்கும், துடைப்பேன், மறுநாளும் கிடக்கும். அந்தக் கூஜாவைக் காப்பாற்ற முடியவில்லை. சோடாவில் கொதிக்க வைப்பதும் ஆபத்து, பழைய மண் திடீர்ச் சூட்டைத் தாங்காது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துளி சாதாரண சோப்பு, மென்மையான துணி, அதற்கு மேல் வேண்டாம். நிழலில் ஒரு வாரம் காய விடுங்கள். ஜன்னல் வெயிலிலிருந்தும் எடுத்துவிடுங்கள், சூடு ஏறினால் உள்ளே ஊறிய கொழுப்பு வெளியே வரத்தான் செய்யும். அந்தக் கறை எத்தனையோ குளிர்காலத்து வாத்துக் கொழுப்பு. அது இல்லாத கான்ஃபி பானையை நான் வாங்க யோசிப்பேன்.

ரசம்பிரியன்:

எனக்கு ஒரு சந்தேகம். நம் வீட்டில் காலங்காலமாக ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம், அதுவும் புளி ஊற்றி. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசித்தானே சமைத்தார்கள். அதற்கு ஒன்றும் ஆகவில்லையே, இந்தப் பானைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

லேப்_சுந்தர்:

ரசம்பிரியன், நல்ல வேளை கேட்டீர்கள், தமிழில் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. ஈயம் என்று ஒரே பெயரில் இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். ரசச் சொம்பும் பித்தளைக்குப் பூசும் பூச்சும் வெள்ளீயம். 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால்தான் காலிச் சொம்பை அடுப்பில் வைக்காதே என்று அம்மா கத்துவது. இந்தப் பானையின் மெருகில் இருப்பது காரீயம், உடம்பில் சேர்ந்தால் நஞ்சு, குழந்தைகளுக்கு இன்னும் மோசம். (சொம்பு வாங்கும்போதும் காரீயம் கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.)

காரீயத்தை ஏன் போட்டார்கள் என்றால், மெருகு என்பது பானைமேல் ஒட்டிக்கொண்ட கண்ணாடிதான். மணல் தனியாக உருக 1700 டிகிரி வேண்டும், விறகுச் சூளையில் அது நடக்காது. காரீயம் சேர்த்தால் 1000 டிகிரிக்குள்ளேயே உருகிப் பளபளவென்று படிந்துவிடும். அந்தத் தாதுத் தூளை இங்கே குயவர்கள் அல்கிஃபூ என்பார்கள். அதை அரைத்தும் கலக்கியும் குயவர்களே ஈய நஞ்சால் வயிற்று வலியிலும் கை நடுக்கத்திலும் அவதிப்பட்டிருக்கிறார்கள். இந்த மெருகைப் புளிப்பு கரைக்கும். ஆவக்காய் என்றால் புளிப்பு, உப்பு இரண்டும் சேர்ந்து மாதக்கணக்கில் கிடக்கும், இதைவிட மோசமான சேர்க்கை கிடையாது. வாத்துக் கொழுப்பில் புளிப்பு இல்லாததால் இறங்குவது குறைவாக இருந்திருக்கும், குறைவு என்றால் இல்லை என்று ஆகாது.

ஐரோப்பாவில் 1984இல் இதற்கு வரம்பு வைத்தார்கள். 4 சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி 22 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து அளப்பார்கள். சாதாரணக் குழிப் பாத்திரத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராம் காரீயம், சமைக்கிற பாத்திரத்துக்கும் 3 லிட்டருக்கு மேல் கொள்ளும் சேமிப்புப் பாத்திரத்துக்கும் 1.5 மில்லிகிராம். உங்கள் பானை நிஜமாகவே பழையதானால் அதற்கெல்லாம் மிக முந்தையது. கடையில் கிடைக்கிற சோதனைக் குச்சியை மெருகில் தேய்த்தால் காரீயம் இருந்தால் இளஞ்சிவப்பாகும். ஆனால் நிறம் மாறவில்லை என்பதற்காகச் சாப்பாடு போட்டுவிடாதீர்கள், அந்தக் குச்சி அவ்வளவு நுணுக்கமானது இல்லை.

ரசம்பிரியன்:

புரிந்தது, நன்றி. அப்படியானால் வெள்ளையாக, நீலப் பூ வரைந்து வருகிற பழைய ஃபையான்ஸ் தட்டுகள்? அது வெள்ளீயம் என்று எங்கோ படித்தேனே.

லேப்_சுந்தர்:

வெள்ளீயம் சேர்ப்பது மெருகை வெள்ளையாக்கி மண் நிறத்தை மறைக்கத்தான். அதற்கு அடிப்படையாக இருப்பது பெரும்பாலும் அதே காரீய மெருகு. எனவே பழைய ஃபையான்ஸையும் சுவரில் மாட்டுங்கள், சாம்பார் ஊற்றாதீர்கள்.

நீஸ்கரை:

தாமதமாக வருகிறேன், இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மத்தியதரைக் கடலோரம் 20 வருடமாக இருக்கிறேன், பழைய மண்பாண்டம் சேர்ப்பது ஒன்றுதான் என் செலவு. எல்லோரும் மஞ்சள் கான்ஃபி பானைக்குப் பின்னாலேயே போகிறார்கள், அலங்காரப் பத்திரிகைகள் அதைத்தான் படம் போடுகின்றன. அதே சந்தையில் ஓரமாகக் கருகிப்போய்க் கிடக்கிற பழுப்பு நிற வல்லோரிஸ் சட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வல்லோரிஸ் மண் நெருப்பைத் தாங்கும், அதனால் அந்த ஊர் முழுக்க அடுப்புச் சட்டிகள் செய்தே பிழைத்தது. உள்ளே தேன் நிற மெருகு, ஒற்றைக் கைப்பிடி, அடியில் கரி. நெருப்புத் துண்டுகள்மேல் உட்கார்ந்து உட்கார்ந்து கருத்த கரி அது. நம் வீட்டு விறகடுப்பு மண்சட்டியின் அடி அப்படியே கண் முன்னால் வரும். புதுச்சட்டியைப் பழக்குவதுகூட உண்டு. நாம் அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி வைக்கிறோம், இங்கே வெளிப்புற அடியில் பூண்டைத் தேய்ப்பார்கள், சிலர் பால் காய்ச்சுவார்கள்.

அலுமினியமும் எனாமல் பூசிய இரும்பும் வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. 1948இல் பிக்காசோ வல்லோரிஸுக்குக் குடிவந்து 1955 வரை அங்கே இருந்தார், மதூரா பட்டறையில் மண்ணில் வேலை செய்தார், ஊருக்குப் பெயர் திரும்ப வந்தது. எனக்கு அவருடைய தட்டுகளைவிட அவருக்கு முன்னால் அங்கே பெயர் தெரியாமல் சட்டி செய்துகொண்டிருந்தவர்களின் வேலைதான் பெரிதாகத் தெரிகிறது. மெல்லிய சுவர், எடை குறைவு, கைக்குப் பொருந்துகிற பிடி. வாங்குகிறவர்கள் அதையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

பெரியதாக வேண்டுமென்றால் பியோத் ஊரின் எண்ணெய்ச் சாடிகள் இருக்கின்றன. வெளியே வெறும் மண், உள்ளேயும் வாயைச் சுற்றியும் மட்டும் மஞ்சள் மெருகு, ஆலிவ் எண்ணெய்க்கு. அந்தூஸ் ஊரின் தோட்டச் சாடிகள் தனி அழகு, பச்சையும் தேன் நிறமும் பழுப்பும் தீப்பிழம்புபோல வழிந்திருக்கும், பக்கத்தில் பூமாலை வைத்து அழுத்தியிருப்பார்கள். அதன் விலைக்கு என்னால் கிட்டப் போக முடியாது.

சோழன்78:

பெர்னார் பலிசி செய்த பாத்திரங்களும் இதே வகைதானா? கிராமியப் பாண்டம் என்றுதானே அதையும் சொல்கிறார்கள்.

மண்கை:

பெயர் மட்டும்தான் ஒன்று. பலிசி 16ஆம் நூற்றாண்டு, மேற்கே சேந்த் ஊரில் இருந்தவர். தட்டுகளில் பாம்பு, தவளை, மீன், சிப்பி எல்லாம் உயிருள்ளதுபோல ஒட்டியிருப்பார், பல உருவங்களை நிஜ உயிர்களிலிருந்தே அச்சு எடுத்தார். அரசி கேத்தரின் தெ மெதிசியின் ஆதரவில் பாரிஸில் சூளை போட்டவர், அதெல்லாம் அரண்மனைச் சாமான். வெள்ளை மெருகு கண்டுபிடிக்கப் பல வருடம் அலைந்ததையும், விறகு தீர்ந்துபோய் வீட்டு மேசையையும் தரைப் பலகையையும் சூளையில் போட்டதையும் அவரே எழுதியிருக்கிறார். சூளை ஆறிவிடக் கூடாது என்கிற அந்தத் தவிப்பு எந்தக் குயவனுக்கும் புரியும். புரொட்டஸ்டண்டாக இருந்ததற்காகக் கடைசியில் பாஸ்தீல் சிறையில் இறந்தார்.

ஆனால் அவருக்கு முன்பே அதே சேந்தோஞ் வட்டாரத்தில் பச்சை மெருகுக் கூஜாக்கள் செய்தார்கள். 13ஆம் நூற்றாண்டிலேயே போர்தோ ஒயின் ஏறிய கப்பல்களில் இங்கிலாந்துக்குப் போயிருக்கின்றன, லண்டனில் தோண்டும்போது கிடைக்கின்றன. மீனா அக்காவின் பானைக்கு உறவு என்றால் அந்தக் கூஜாக்கள்தான்.

அக்கா வாங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இஸெல் என்று ஒரு ஊர் உண்டு. அங்கே செய்த, கீழே குறுகி மேலே விரிகிற மண்சட்டிக்குப் பெயர் கசோல். மொச்சை மாதிரி வெள்ளை பீன்ஸும் கறியும் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிற கசூலே என்ற சமையலுக்கு அந்தச் சட்டியிலிருந்துதான் பெயர் வந்தது. வாய் அகலமாக இருப்பதால் மேலே ஏடு படியப் படிய உடைத்து உள்ளே அமுக்கலாம். உங்கள் கான்ஃபி பானையிலிருந்து எடுத்த வாத்துக்கால் போய்ச் சேர்ந்த இடமும் அதுவாகத்தான் இருக்கும்.

பழையசந்தை:

பிளீச் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என்னிடம் இரண்டு பானைகளில் அப்படிச் செதில் உதிர்கிறது, ஏன் என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்தேன். இனி என்ன செய்யலாம்?

மண்கை:

அண்ணா, நல்ல தண்ணீரில், முடிந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில், முழுக முக்கி வைத்துத் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரமாவது ஆகும். உப்பு மெல்ல வெளியே வரும். மெருகு ஏற்கெனவே தளர்ந்த இடத்தைத் தொடாதீர்கள். உதிர்ந்த துணுக்குகளை ஈரத்துணியால் எடுங்கள், பெருக்காதீர்கள், அது காரீயம் கலந்த தூள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பானைகளைக் கை எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மீனா_துலூஸ்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு வாரமாகப் பானையோடுதான் இருக்கிறேன். சோதனைக் குச்சி வாங்கித் தேய்த்தேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை, ரோஸ் நிறமாகிவிட்டது. ஆவக்காய் கண்ணாடி ஜாடிக்குப் போய்விட்டது. பானையைக் கூடத்தில் நிழலான மூலையில் வைத்து, காய்ந்த லாவெண்டர் கொத்து போட்டிருக்கிறேன்.

மண்கை சொன்னபடி கவிழ்த்தும் பார்த்தேன். கம்பிக் கோடுகள் இருக்கின்றன, ஓரம் தேய்ந்து கூழாங்கல்போல இருக்கிறது. காதுகள் இரண்டும் ஒரே மாதிரி இல்லை, இடது பக்கத்தது கொஞ்சம் தாழ்ந்து ஒட்டியிருக்கிறது. மெருகுக் கோடு நேராக இல்லை, நன்றாகச் சாய்ந்திருக்கிறது. உடைந்த ஓரத்தில் அந்த வெள்ளைக் கோட்டை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு என் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

நேற்று அந்தக் கிராமத்துக்கு மறுபடி போனேன். பாட்டி பேசிக்கொண்டே இருந்தார். குளிர்காலத்தில் வாத்து அறுத்ததும் கால்களை ஒரு நாள் உப்பில் போட்டு, அதன் கொழுப்பிலேயே மெல்ல வேகவைத்து, பானையில் அடுக்கி, கறி வெளியே தெரியாதபடி கொழுப்பை ஊற்றி மூடுவார்களாம். எடுக்கும்போது மரக் கரண்டிதான், இரும்பு பட்டால் மெருகு போகும் என்று பாட்டியின் அம்மா அடிப்பாராம். பிறகு கண்ணாடி ஜாடிகள் வந்தன, குளிர்சாதனப் பெட்டி வந்தது, பானைகள் கொட்டகைக்குப் போயின. கொட்டகையில் இன்னொரு பானை காட்டினார், பச்சை. பக்கவாட்டில் நீளமாக ஒரு விரிசல், அதன் குறுக்கே ஐந்து இரும்புக் கம்பிகளைத் தையல்போலப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். கம்பி துருப்பிடித்து, மெருகில் பழுப்பாக வழிந்திருக்கிறது. சனிக்கிழமை வந்தால் பேசலாம் என்றார். இப்படி உடைந்து ஒட்டியதை வாங்கலாமா? வாங்கினால் கம்பியை எடுத்துவிட்டு வேறு விதமாக ஒட்ட வேண்டுமா?

நீஸ்கரை:

மீனா, வாங்குங்கள்! நம் தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்ததுபோல இங்கே ஊர் ஊராகப் போய் உடைந்த பாத்திரம் தைக்கிறவர்கள் இருந்தார்கள். சின்னத் துளைக்கருவியால் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கம்பி கொளுவுவார்கள். அந்தப் பானை அந்த வீட்டுக்கு எவ்வளவு முக்கியமாக இருந்தால் காசு கொடுத்துத் தைத்திருப்பார்கள்.

மண்கை:

வாங்குங்கள் அக்கா, கம்பியில் கை வைக்காதீர்கள். துருவையும் தேய்க்க வேண்டாம், ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். தூக்கும்போது காதைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள், விரிசல் விழுந்த பானைக்குக் காது தாங்காது. வண்டியில் கொண்டுவரும்போது படுக்க வைக்காமல் நிற்க வைத்து, சுற்றிலும் போர்வை அடைத்துக்கொள்ளுங்கள். தையல் போட்ட பக்கத்தின் உள்சுவரைப் படம் எடுத்துப் போடுங்கள், கம்பி முனை உள்ளே எட்டிப் பார்க்கிறதா என்று பார்க்க வேண்டும்.